கறை பட்ட ஹாக்கெட்

டிரெண்டன், நியூ ஜெர்சி
மார்ச் 14, 1983

மரியாதைக்குரிய திரு. வெர்லின் ஹாக்கெட் அவர்களுக்கு,

முன்பின் தெரியாதவள் எழுதுகிறேன். நீங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நெப்ராஸ்காவில் இன்னும் பனி கிடக்கிறது என்று வானொலியில் சொன்னார்கள். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். குந்தியே பந்து பிடிக்கும் கேட்சராக ஆடியவர்களுக்கு முதலில் போவது முழங்கால்தானாமே.

என் பெயர் லொரெட்டா டெமார்கோ. வயது முப்பத்தேழு. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். சின்ன வயதில் நான் உங்கள் பரம ரசிகை. 1956இல் பபிள்கம் பொட்டலத்தில் வந்த, உங்கள் படம் போட்ட பேஸ்பால் அட்டையை இருபத்தேழு வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதை இத்துடன் அனுப்புகிறேன். முன்பக்கம், உங்கள் தோளுக்குப் பக்கத்தில், ஒரு கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். தபால் தலை ஒட்டி, என் விலாசம் எழுதிய உறையும் உள்ளே இருக்கிறது. அட்டை கொஞ்சம் பழசாகிவிட்டது. தப்பாக நினைக்காதீர்கள்.

செப்டம்பரில் தொழிலாளர் தினத்தன்று என் அண்ணன் சால் வீட்டுத் தோட்டத்தில் எங்கள் குடும்பம் முழுக்கக் கூடும். அதற்குள் கிடைத்தால் போதும், அவசரமில்லை.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
லொரெட்டா டெமார்கோ


ஆர்ட், நெப்ராஸ்கா
மார்ச் 28, 1983

திருமதி டெமார்கோவுக்கு,

சுகம். முழங்கால் நன்றாகவே இருக்கிறது.

கையெழுத்திட்ட அட்டை இத்துடன் இருக்கிறது. நீங்கள் அனுப்பியது ஒரு மனிதருக்குத் திருப்பி அனுப்பக்கூடிய நிலையில் இல்லை. அதனால் என்னிடம் இருந்த நல்ல அட்டை ஒன்றில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதே வருடம், அதே படம். இதையாவது சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குடும்பத்தாருக்கு என் வணக்கம்.

வெ. ஹாக்கெட்


டிரெண்டன்
ஏப்ரல் 4, 1983

திரு. ஹாக்கெட்டுக்கு,

நான் சுகமாக இல்லை. நீங்கள் சுகமா என்று கேட்கும் மனநிலையிலும் இல்லை.

என் அட்டை எங்கே?

உங்களிடம் நான் புது அட்டை கேட்டேனா? பக்கத்துத் தெருக் கடையில் போய்க் காசு கொடுத்தால் பளபளவென்று ஒரு ஹாக்கெட் எனக்கும் கிடைக்கும். உறையைப் பிரித்த உடனே கத்தினேன். என் கணவர் ரே அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

"என்னாச்சு? கையெழுத்துப் போட்டுத்தானே அனுப்பியிருக்காரு. புதுசா வேற இருக்கு. இதுக்கா இந்தக் குதி குதிக்கிற?"

"ரே, உன் கல்யாண மோதிரத்தைக் கழட்டி வெச்சுக்கிட்டு, இந்தா இது பளபளன்னு இருக்கு, இதைப் போட்டுக்கோன்னு வேற ஒண்ணு குடுத்தா சும்மா இருப்பியா?"

அவர் மோதிரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அடுப்படிக்கே போய்விட்டார். அவருக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரியும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு என்னுடையதுதான் வேண்டும். கையெழுத்துக்கூட வேண்டாம்.

லொரெட்டா டெமார்கோ


ஆர்ட்
ஏப்ரல் 20, 1983

திருமதி டெமார்கோவுக்கு,

நானும் என் மனைவி டார்லினும் சுகம். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பு இன்னும் சுகமாக இருந்தோம்.

கறையும் கசங்கலும் பழைய அட்டைக்கு அழகு கூட்டும் என்று உங்களைப் போல் ஒரு கூட்டமே கிளம்பியிருக்கிறது. ஒமாஹாவில் ஒரு கடைக்காரன், மூலையெல்லாம் மொண்ணையாகிப் போன என் அட்டை ஒன்றை வைத்துக்கொண்டு என்னிடமே சொன்னான்: "இதுல ஒரு களை இருக்கு சார். வாழ்ந்த களை."

"உன் அட்டை எங்கப்பா?" என்று கேட்டேன்.

"எனக்கேது சார் அட்டை?"

"அப்ப வாயை மூடு."

மூடிக்கொண்டான். கறை அழகு என்று சொல்கிறவர்கள் எல்லாம் அடுத்தவன் முகத்தில் இருக்கும் கறையைத்தான் சொல்கிறார்கள், அம்மணி. தன் முகத்தில் பட்டால் உடனே துடைத்துக்கொள்வார்கள்.

கேட்சர் என்றால் நாள் முழுக்கப் புழுதியில் குந்தியிருப்பவன். மூன்று வருடத்தில் எழுபத்தெட்டு ஆட்டம்தான் என்னை இறக்கினார்கள். படம் எடுக்க ஆள் வந்த அன்று என் சட்டை தோளில் கிழிந்திருந்தது. அணியின் முதல் கேட்சர் தன் சலவைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். "கசக்கிடாதே, உடனே குடுத்துடு" என்றார். நாலு நிமிஷம் போட்டிருந்தேன். அந்த நாலு நிமிஷம்தான் உங்கள் அட்டையில் இருப்பது. அதன்பிறகு எனக்கு வேறு அட்டையே வரவில்லை. நான் பெரிய ஆட்டக்காரனாகத் தெரிவது உலகத்தில் அந்த ஓர் இடத்தில்தான். அதில் போய் எண்ணெய்க் கையை வைத்திருக்கிறீர்கள்.

அழுக்கு அட்டை எது வந்தாலும் நல்லதை அனுப்பிவிட்டு, வந்ததைக் கொட்டிலுக்குப் பின்னால் சருகோடு போட்டுக் கொளுத்திவிடுவேன். பத்து வருடமாக அதுதான் வழக்கம். உங்களுடையதும் அப்படியே போயிற்று.

அதன் பின்பக்கத்தையும் பார்த்தேன். அதைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. எழுதப் போவதில்லை.

உங்கள் கணவரைக் கேட்டதாகச் சொல்லுங்கள். விவரம் தெரிந்தவராகத் தெரிகிறார்.

வெ. ஹாக்கெட்


டிரெண்டன்
ஏப்ரல் 27, 1983

திரு. ஹாக்கெட்டுக்கு,

கொளுத்திவிட்டேன் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பேருந்தை ஓரமாக நிறுத்தி உங்கள் கடிதத்தைப் படித்தேன். பின்னால் நாற்பது பிள்ளைகள். நான் அழுவதைப் பார்த்து அத்தனையும் வாயை மூடிக்கொண்டன. ஆறு வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

சட்டைக் கதை வருத்தமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்காக அடுத்தவள் பொருளைக் கொளுத்தலாமா?

வலது மூலையில் இருந்த கறை, மிளகாய் வதக்கிய எண்ணெய். சாண்ட்விச் தின்றுவிட்டு ஒன்பது விரலைப் பாவாடையில் துடைத்தேன், ஒன்றை மறந்துவிட்டேன். நன்றாக நினைவுபடுத்திப் பாருங்கள். அந்தக் கறை உங்கள் தொப்பிக்கு அரை அங்குலம் முன்பே நின்றுவிட்டது. முகத்தில் ஒரு துளி கிடையாது. நடுவில் இருந்த மடிப்பு, பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீ பிடுங்க வந்தபோது காலுறைக்குள் செருகியதால் வந்தது. அவர் அன்று பதினேழு அட்டைகளைப் பிடுங்கினார். உங்களை மட்டும் விடவில்லை நான்.

சுத்தமான அட்டை என்றால் என்ன தெரியுமா? யாரும் தொடாத அட்டை. பொட்டலத்திலிருந்து எடுத்து, பெட்டியில் போட்டு, மறந்துபோன அட்டை. உங்கள் வீட்டில் அப்படி எத்தனை ஹாக்கெட் அடுக்கி வைத்திருக்கிறீர்கள்? அவர்களில் ஒருவனையாவது ஒரு பிள்ளை தூங்கும்போது தலையணைக்கு அடியில் வைத்திருந்ததா?

அந்த அட்டை எனக்குச் சாட்சி. என் அண்ணன் முன்னால் வைக்க என்னிடம் இருந்த ஒரே சாட்சி. எதற்குச் சாட்சி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களுக்குத்தான் சங்கடம்.

உங்கள் மனைவிக்கு என் அன்பு. உங்களோடு குப்பை கொட்டுவதற்கு அவருக்குத் தனிப் பொறுமை வேண்டும்.

லொரெட்டா டெமார்கோ


ஆர்ட்
ஜூன் 6, 1983

அன்புள்ள லொரெட்டா,

நலமாக இருக்கிறாயா? உன்னைவிட இருபது வயது மூத்தவள், ஒருமையில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஏற்கனவே எங்கள் வீட்டின் மேல் போதுமான கோபத்தில் இருக்கிறாய். பொறுமை பற்றி எழுதியிருந்ததை வாசித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. உன் அட்டை எரியவில்லை. கொளுத்தத்தான் எடுத்துக்கொண்டு போனார். கொட்டில் வாசலில் நின்று பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவர், "டார்லின், இங்க வா. இதை எண்ணு" என்று கூப்பிட்டார்.

பின்பக்கம் முழுக்கப் பென்சில் கோடு. ஐந்தைந்தாகக் கட்டிப் போட்டிருந்தது. எண்ணினேன். "அறுபத்து மூணு."

"நானும் ரெண்டு தடவை எண்ணிட்டேன். அறுபத்து மூணுதான். என்னன்னு தெரியுதா உனக்கு? பந்து படாம மட்டைய வீசி, அவுட்டாகி வெறுங்கையோட நான் திரும்பின கணக்கு. பத்து வயசுல உக்காந்து ஒண்ணு விடாம எண்ணியிருக்கா. ரசிகையாம் ரசிகை!" கொஞ்ச நேரம் கழித்து, "அதுவும் தப்புக் கணக்கு. அறுபத்தொண்ணுதான். ரெண்டு கூடப் போட்டிருக்கா!" என்றார்.

அறுபத்தொன்று என்பது அவருக்கு மனப்பாடம் என்று இருபத்தெட்டு வருடம் கூட வாழ்ந்த எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அட்டை அவர் சட்டைப் பையில் இருக்கிறது. துவைக்கப் போடும்போது எடுத்து வைக்கிறேன், மறுநாள் எடுத்துப் போட்டுக்கொள்கிறார். சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போதுகூட எடுத்துப் பார்க்கிறார். அவர் நினைப்பது உண்மை என்றால் இனி எங்களுக்கு எழுதாதே. இல்லை என்றால் அவருக்கே எழுது.

உன் பேருந்துப் பிள்ளைகளுக்கு என் அன்பு.

டார்லின் ஹாக்கெட்


டிரெண்டன்
ஜூன் 13, 1983

திரு. ஹாக்கெட் அவர்களுக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். உண்மையாகவே சொல்கிறேன். உங்கள் மனைவி எனக்கு எழுதினார். காட்டிக் கொடுக்கக் கூடாதுதான், ஆனால் வேறு வழியில்லை. அவரைத் திட்டாதீர்கள்.

உங்கள் தோல்வியை எண்ணுவதற்கு எனக்கு வேறு வேலை இல்லையா? அந்த நினைப்பு வந்ததற்கே உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது!

அவை என் வெற்றிகள். பேக்கரிக்குப் பின்னால் இருந்த சந்தில் கோடு கிழித்து நின்று சுவரைப் பார்த்து அட்டை வீசுவோம். யார் அட்டை சுவருக்குக் கிட்டே விழுகிறதோ அவருக்கு இரண்டும் சொந்தம். ஒவ்வொருத்தருக்கும் வீசுவதற்கென்று ஓர் அட்டை உண்டு. என் வீச்சு அட்டை நீங்கள். 1957 கோடையில் என் அண்ணன் சாலை அறுபத்து மூன்று தடவை ஜெயித்தேன். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. அவனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்குப் பதினொன்று.

அன்றிலிருந்து ஒவ்வொரு தொழிலாளர் தினத்துக்கும், கறி வாட்டிக்கொண்டே அவன் ஊர் கூட்டிச் சொல்வது ஒன்றுதான்: "லொரெட்டாவா? சின்னப் பொண்ணு, பாவம்னு விட்டுக் குடுத்தேன்." போன வருடம் அட்டையைக் கொண்டுபோய் அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். "நேத்து ராத்திரி நீயே போட்ட கோடு இது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் சொந்த மகனும் சிரித்தான். உங்கள் கையெழுத்து இருந்தால் அந்த அட்டைக்கு ஒரு மரியாதை வரும், வாயை மூடுவான் என்று நினைத்தேன். அதற்குத்தான் அனுப்பினேன்.

இனி சொல்லப்போவதுதான் நான் மறைத்தது. நான் உங்கள் ரசிகை இல்லை. முதல் கடிதத்தில் எழுதியது பச்சைப் பொய். எங்கள் தெருவில் யாருக்கும் நீங்கள் வேண்டாம். பொட்டலத்தில் ஹாக்கெட் வந்தால் பையன்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். என்னிடம் ஒன்பது ஹாக்கெட் இருந்தது. தோற்றால் போனால் போகட்டும் என்றுதான் உங்களை எடுத்து வீசினேன்.

ஆனால் நீங்கள் தோற்கவில்லை. புது அட்டை விறைப்பாக இருக்கும். சுவரில் பட்டதும் துள்ளித் திரும்பிவிடும். நீங்கள் கசங்கிக் கசங்கி, எண்ணெய் இறங்கி, துணி மாதிரி ஆகிவிட்டிருந்தீர்கள். சுவரில் பட்டால் அங்கேயே விழுவீர்கள். சால் எத்தனையோ பெரிய ஆட்டக்காரர்களை எல்லாம் வீசிப் பார்த்தான், ஒருவராலும் உங்களை அசைக்க முடியவில்லை.

கறை அழகா இல்லையா என்று எனக்குத் தெரியாது, திரு. ஹாக்கெட். கறை பட்ட ஹாக்கெட்தான் ஜெயித்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

என் அட்டையைக் கொடுத்துவிடுங்கள்.

லொரெட்டா டெமார்கோ


டிரெண்டன்
ஜூலை 25, 1983

திரு. ஹாக்கெட் அவர்களுக்கு,

ஆறு வாரமாயிற்று. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

ஒன்பது ஹாக்கெட் என்று எழுதியிருக்க வேண்டாம். ரேயும் அதையேதான் சொன்னார். "உண்மைய எழுதணும்னா அத்தனையுமா எழுதணும்?" என்றார். நான் வாயில் பூட்டுப் போட்டு வளர்ந்தவள் இல்லை.

அதற்காக என் பொருளை நீங்கள் வைத்துக்கொள்வது நியாயமாகிவிடாது. திட்ட வேண்டுமென்றால் திட்டி எழுதுங்கள். பேசாமல் இருப்பது மட்டும் வேண்டாம்.

டார்லின் அக்காவுக்கு என் அன்பு.

லொரெட்டா


ஆர்ட்
ஆகஸ்ட் 29, 1983

திருமதி டெமார்கோவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. டார்லினும் சுகம். உங்களுக்குக் கடிதம் எழுதியதை என்னிடம் ஒப்புக்கொண்டாள், வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஒன்பது ஹாக்கெட் என்ற வரியைப் படித்துவிட்டு வெளியே போய்விட்டேன். இருட்டும் வரை சோளத்துக்குள் நடந்தேன். பிள்ளைகள் தலையில் அடித்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி இல்லை. அரங்கத்தில் பெரியவர்களே அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அதைப் பெயரும் விலாசமும் போட்டு ஒருவர் எழுதி அனுப்புவது வேறு. ஆத்திரம் ஆற இத்தனை நாள் ஆயிற்று. இன்னும் முழுக்க ஆறவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை டார்லினைக் கொட்டிலுக்குக் கூட்டிப் போனேன். தரையில் கோடு கிழித்தோம். பெட்டியிலிருந்து சுத்தமான ஹாக்கெட்டை நான் எடுத்துக்கொண்டேன். உங்களுடையதை அவள் கையில் கொடுத்தேன். நான் வீசியது பலகையில் பட்டுத் துள்ளி என் செருப்புக்கே திரும்பி வந்தது. அவள் வீசியது சுவர் ஓரத்தில் படுத்துக்கொண்டது.

"இன்னொரு தடவை" என்றேன்.

"எத்தனை தடவை வேணும்னாலும் வா, கிழவா" என்றாள்.

பதினோரு தடவை ஆடினோம். பதினோரு தடவையும் நான் என்னிடமே தோற்றேன். அவள் கோடு போடப் பென்சிலை எடுத்தாள். நான் விடவில்லை. அது உங்கள் கணக்கு.

அட்டை இத்துடன் இருக்கிறது. முன்பக்கம் கையெழுத்துப் போடவில்லை. சட்டையில் மை படும். பின்பக்கம் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேன், உங்கள் அண்ணனுக்கு அது போதும் என்று நினைக்கிறேன். கோபத்தில் இரண்டு தடவை எண்ணியவன் நான், என் கணக்கு தப்பாது.

கறை அழகு என்று மட்டும் சாகும்வரை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நல்லபடியாக இருங்கள்.

வெர்லின் ஹாக்கெட்


டிரெண்டன்
செப்டம்பர் 8, 1983

அன்புள்ள வெர்லின் ஹாக்கெட் அவர்களுக்கும், டார்லின் அக்காவுக்கும்,

இங்கே எல்லோரும் சுகம், சால் உட்பட. அவனை நான் கொன்றுவிடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உறை வெள்ளிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை எல்லோரும் சாப்பிட உட்காரும் வரை பொறுத்திருந்தேன். சால் வழக்கம்போல ஆரம்பித்தான்: "சின்னப் பொண்ணு, பாவம்னு..." எழுந்துபோய் அட்டையை அவன் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன்.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உரக்கவே வாசித்தான்: "எண்ணினேன். அறுபத்து மூன்று. வெ. ஹாக்கெட்."

"அந்த ஹாக்கெட்டா? இன்னும் இருக்காரா அவரு?"

"இருக்காரு. உன்னைவிட நேர்மையா இருக்காரு."

யாரும் சிரிக்கவில்லை. சால் கோடுகளின் மேல் விரலை வைத்து முணுமுணுத்துக்கொண்டே எண்ணினான். பிறகு நிமிர்ந்து, "தப்பு" என்றான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரே என் கையைப் பிடித்துக்கொண்டார். சால் என்னைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துச் சொன்னான்:

"அறுபத்து நாலு. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முந்தின நாள். எங்கிட்ட ஒரே ஒரு அட்டைதான் மிச்சம். அதையும் ஜெயிச்சே. அது ஒரு ஹாக்கெட். ஹாக்கெட்டை ஜெயிச்சதுக்கெல்லாம் கோடு எதுக்குன்னு சொல்லிட்டு, சந்துலயே போட்டுட்டுப் போயிட்ட."

எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவனுக்கு நினைவிருக்கிறது! நாளும், அட்டையும், நான் சொன்ன வார்த்தையும் நினைவிருக்கிறது. விட்டுக்கொடுத்தேன் என்று அவன் சொன்ன ஒவ்வொரு தொழிலாளர் தினத்திலும் நினைவு இருந்திருக்கிறது. இருபத்தாறு வருடம் எல்லோர் முன்னாலும் என்னைப் பொய்க்காரி ஆக்கியவனை நான் அவ்வளவு சுலபத்தில் மன்னிக்கப் போவதில்லை.

ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வராதது அவனால் இல்லை. அந்தக் கோட்டைப் போடாமல் விட்டவள் நான். எந்த ஆளை வைத்து அத்தனையும் ஜெயித்தேனோ, அவரையே ஜெயித்தபோது அது ஒரு கணக்கே இல்லை என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். உங்களைத் திட்டி நான் எழுதிய கடிதங்களை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

பென்சிலை சாலின் கையில் கொடுத்தேன். அவனே போட்டான். மிளகாய் வதக்கல் தின்ற கை. உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் எண்ணெய்க் கறை விழுந்துவிட்டது. ரே துடைக்கக் கைக்குட்டையோடு வந்தார். நான் விடவில்லை.

உங்கள் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். அறுபத்து நாலு.

உங்கள் ரசிகை,
லொரெட்டா